நாற்றை நெருக்கி வரைந்தவருக்கு

டீச்சர்,

போன வாரம் சென்னையிலிருந்து என் மகள் ஓர் அலமாரி அனுப்பினாள். அலமாரி என்று சொல்லக் கூடாது; பதினோரு பலகையும் ஒரு பொட்டலம் திருகாணியும். கூடவே ஒரு தாள். அதில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. எந்த நாட்டுக்காரருக்கும் புரியட்டும் என்று கட்டம் கட்டமாகப் படம் மட்டும் போட்டிருந்தார்கள். முதல் கட்டத்தில் மூக்கும் முடியும் இல்லாத ஒரு மனிதர் தனியாகப் பலகையைத் தூக்குகிறார். அவர் மேல் குறுக்காக இரண்டு கோடு. அடுத்த கட்டத்தில் அதே சாயலில் இரண்டு பேர் நின்று சிரிக்கிறார்கள். என் வீட்டுக்காரர் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னொரு ஆளையும் அவங்களே அனுப்பணும் போலிருக்கே, வரலையே" என்றார்.

இரண்டு மணி நேரம் போராடி அதை நிறுத்தினோம். கதவு தரையைப் பார்த்துத் திறக்கிறது.

அந்தத் தாளைக் கசக்கப் போனவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் அலமாரியைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். தாளைப் பிடுங்கிக்கொண்டு, "எந்தக் கட்டத்துல தடுமாறினீங்க? யோசிச்சுச் சொல்லுங்க, எந்தக் கட்டம்?" என்றுதான் கேட்டிருப்பீர்கள். அதைக் கேட்க ஆளில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மன்னார்குடியில் ஒரே பெண்கள் பள்ளியில், ஆசிரியர் அறையில், ஒரே மேசைக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் நீங்களுமாக இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் தமிழ், நான் கணக்கு. நீங்கள் என்னை டீச்சர் என்பீர்கள், நான் உங்களை டீச்சர் என்பேன். உங்கள் மகன் கல்யாணப் பத்திரிகையில் உங்கள் பெயரைப் பார்த்துவிட்டு, இது யார் புதிதாக என்று ஒரு நொடி யோசித்தேன்.

பாடப்புத்தகத்துக்குப் போடும் பழுப்பு அட்டைக்குள் காமிக்ஸ் புத்தகத்தை ஒளித்து, ஆசிரியர் கூட்டத்தில் படிப்பீர்கள். தேர்ச்சி விகிதம் ஏன் குறைந்தது என்று தலைமையாசிரியை ஒருநாள் கேட்டுக்கொண்டிருந்தபோது களுக்கென்று சிரித்துவிட்டீர்கள்.

"என்ன டீச்சர், தேர்ச்சி விகிதத்துல என்ன சிரிப்பு?"

"இல்லம்மா, அழுதா நல்லா இருக்காதேன்னு..." என்று இழுத்தீர்கள். அன்றைக்கு அதற்கு மேல் யாரும் விகிதத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஐம்பது வயதுக்குப் பிறகு, தஞ்சாவூரில் பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தீர்கள். படக்கதையும் ஒரு மொழி என்பது பொருள். "படத்துல என்ன டீச்சர் மொழி? பாத்தா புரியப் போவுது" என்று நான் சொன்னேன். நீங்கள் சோற்று டப்பாவை மூடி வைத்துவிட்டு ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டீர்கள். முதல் கட்டத்தில் பாயில் வடகம் காய்கிறது. வேலியில் ஒரு காக்கா. இரண்டாவது கட்டத்தில் பாயின் ஒரு மூலை காலி. ஓர் அம்மாள் கம்போடு நிற்கிறாள்.

"என்ன நடந்துச்சு, சொல்லுங்க."

"காக்கா வடகத்தைத் தின்னுடுச்சு."

"எந்தக் கட்டத்துல தின்னுச்சு?"

திரும்பப் பார்த்தேன். எந்தக் கட்டத்திலும் தின்னவில்லை. இரண்டு கட்டத்துக்கும் நடுவில் இருந்த வெள்ளை இடத்தைத் தொட்டுக் காட்டி, "இங்கதான் தின்னுச்சு. நான் வரையலை. நீங்கதான் தின்ன வச்சீங்க. பாவம், காக்கா மேல பழி" என்றீர்கள்.

அதற்குப் பிறகு தினமும் மதியச் சாப்பாட்டோடு எனக்கு ஒரு பாடம். கண் படத்தைப் பார்க்கிறது, மனசு அதைப் படிக்கிறது, இரண்டும் வேறு வேலை என்பீர்கள். வாக்கியத்தில் வினைச்சொல் போல ஒரு படக்கதையில் ஒரு கட்டம் இருக்குமாம். அதை எடுத்துவிட்டால் மற்றதெல்லாம், "தாலி கட்டுறதைப் பாக்காம பந்தியில சாப்பிட்டுட்டு வந்த மாதிரி." ஓடுகிறவன் முதுகுக்குப் பின்னால் போடும் கோடு, அடிபட்டவன் தலையைச் சுற்றிப் போடும் நட்சத்திரம், பேச்சைப் பிடித்து வைத்திருக்கும் குமிழி, எல்லாம் சொற்கள்தான். பேச்சைப் போலவே இதையும் பழகியவர்களுக்குத்தான் புரியும். படம் எல்லாருக்கும் புரியும் என்பது படித்தவர்கள் கட்டிய கதை. இதைத்தான் நீங்கள் நிரூபிக்க வேண்டியிருந்தது.

பத்து கதை, கதைக்கு நான்கு அட்டை. எல்லாவற்றையும் நீங்களே வரைந்தீர்கள். அட்டைகளைக் கலைத்துக் கொடுப்பது, கதை வருகிற மாதிரி வரிசையாக வைக்கச் சொல்வது, எத்தனை விநாடி ஆகிறது என்று குறிப்பது. இவ்வளவுதான் சோதனை. ஒரு பக்கம் காமிக்ஸ் படித்துப் பழகிய நம் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள். இன்னொரு பக்கம் அதைக் கண்ணால் பார்த்திராத, அறுபது எழுபது வயதான உங்கள் ஊர்ப் பெண்கள். விளையாட்டு டீச்சரிடம் கடன் வாங்கிய ஸ்டாப் வாட்ச் என் கழுத்தில். விடைக்குறிப்பும் நான்தான் எழுதினேன். வரிசை சரியென்றால் ஒரு மார்க்கு, தப்பென்றால் முட்டை. காரணம் மட்டும் கேட்கக் கூடாது, கேட்டால் நேரக் கணக்கு கெட்டுவிடும் என்று உங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லியிருந்தார். எனக்கு அது பிடித்த விதி. முப்பத்து மூன்று வருடம் காரணம் கேட்காமல் மார்க்குப் போட்டவள் நான்.

உங்கள் ஊர் கூத்தாநல்லூர் சாலையில் இருந்தது. உங்கள் அம்மா அங்கே ஆயுள் முழுக்க நடவு நட்டவர். அப்போது அவர் இல்லை. அவரோடு ஒரே வரிசையில் நின்று நட்ட அஞ்சம்மாள்தான் நடவுக்காரிகளுக்குத் தலைவி. அவர் சொன்னால் ஆட்கள் வருவார்கள். சமுதாயக் கூடத்தில் பாய் விரித்து எல்லாரையும் உட்கார வைத்து, நீங்கள் முதல் கதையைப் பரப்பினீர்கள். ஒரு பெண் குடத்தைத் தூக்குகிறாள், நடக்கிறாள், வழுக்குகிறாள், குடம் உடைகிறது.

அஞ்சம்மாள் நான்கு அட்டையையும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நாலு பேரும் யாரு வூட்டுப் பொம்பளைங்க? ஒரே சேலையா எடுத்துருக்காளுவ. கல்யாண வூடா?"

"நாலும் ஒரே ஆளுதான் அத்தே."

"ஒரே ஆளு எப்படி நாலு எடத்துல நிப்பா? டீச்சர் வேலைக்குப் போயும் உனக்குப் புத்தி வரலையே பாப்பா."

நீங்கள் பாய்க்குக் கீழே என் முழங்காலைக் கிள்ளினீர்கள். இதுதானே உங்கள் ஆய்வு. ஒரு கட்டத்தில் இருப்பவரே அடுத்த கட்டத்திலும் இருப்பவர் என்பதைக்கூட நாம் பழகித்தான் தெரிந்துகொண்டோம். ஓடும் பையனின் முதுகுக் கோட்டைப் பார்த்து, "சட்டையில நூலு பிரிஞ்சு தொங்குது, தைச்சுப் போட ஆளில்லையா" என்றார் ஒருவர். யோசிக்கும் மனிதரின் தலைக்கு மேல் போன குமிழிகளைப் பார்த்து, "சுருட்டு குடிக்கிறாரு" என்றார் இன்னொருவர். தலையில் அடிபட்டவனுக்கு எதற்கு மல்லிகைப்பூ என்று ஒரு சந்தேகம் வந்தது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஸ்டாப் வாட்சை நிறுத்த மறந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கோபித்துக்கொண்டீர்கள். "புது பாஷையைப் பாக்குறவங்க கேக்குற கேள்வி டீச்சர் அதெல்லாம். கூத்தாநல்லூர்ல ஒரு வீட்டுல அரபிக் காலண்டரைத் தலைகீழா பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே, அப்ப நான் சிரிச்சேனா?"

"சிரிச்சீங்க."

"அது வேற" என்றீர்கள்.

ஒன்பது கதையிலும் ஊர்ப் பெண்கள் அட்டைகளைக் கலந்துகட்டித்தான் வைத்தார்கள். சிலர் சரி, பலர் தப்பு. பத்தாவது கதைதான் விசேஷம். அது நடவுக் கதை. வெறும் சேறாக இருக்கும் வயலின் ஓரத்தில் ஒரு பெண் குனிந்து நிற்கிறாள்; அவள் முகத்துக்கு முன்னால் கொஞ்சம் பச்சை. அடுத்தடுத்த அட்டைகளில் பச்சை கூடிக்கொண்டே போய், நான்காவதில் வயல் முழுக்கப் பச்சை. இதையாவது எல்லாரும் சரியாக வைப்பார்கள் என்று ஆசையோடு சேர்த்தீர்கள். நம் பள்ளிப் பெண்கள் சரியாக வைத்தார்கள். நட்டு நட்டுக் கை காய்த்தவர்களோ ஒருவர் இருவரைத் தவிர எல்லாரும் தலைகீழாக வைத்தார்கள். பச்சை நிறைந்த அட்டை முதலில், வெறும் சேறு கடைசியில்.

ஒரு வகுப்பே ஒன்றுபோலத் தப்புச் செய்தால், ஒன்று பார்த்து எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் கேள்வியில் கோளாறு இருக்க வேண்டும். எந்தக் கணக்கு டீச்சருக்கும் இது தெரியும். நான் முதலாவதை நினைத்துக்கொண்டு முட்டை முட்டையாகப் போட்டேன்.

உங்கள் பேராசிரியருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வலமிருந்து இடமா வச்சிருக்காங்க, பாத்தீங்களா? தினம் செய்யிற வேலையைப் படமா காட்டினாக்கூட வாசிப்புத் திசை அவங்க மனசுல இல்லை. இதுதாம்மா உங்க ஆய்வுக்கு மகுடம்." நல்ல மனிதர். மகுடம் என்று சொல்லும்போது தன் தலைமேல் கையைக் குவித்துக் காட்டினார். அதை மையமாக வைத்து ஓர் இயல் முழுக்க எழுதினீர்கள். பதிவுக் காலம் முடியப் பதினோரு வாரம் இருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. மூன்றாவது கிடையாது. அதற்குள் கொடுத்தால் பட்டம், இல்லாவிட்டால் ஏழு வருட உழைப்புக்கு ஒன்றுமில்லை.

நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று ஆளுக்கொரு பன்னும் மிக்சர் பொட்டலமும் வாங்கிக்கொண்டு மறுபடி உங்கள் ஊருக்குப் போனோம். அஞ்சம்மாள் மிக்சரில் கடலையை மட்டும் பொறுக்கிக்கொண்டே சொன்னார்:

"நீ போட்ட படத்துலயே அந்த நாத்துப் பறிக்கிற படம்தான் பாப்பா நல்லா இருந்துச்சு. மத்ததெல்லாம் கிறுக்கு."

"நாத்துப் பறிக்கிற படமா? அது நடவு அத்தே."

அஞ்சம்மாள் கை அப்படியே நின்றது. பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அடியே, இங்க வாங்கடி. பாப்பா நடவு போட்டுருக்காம்."

ஏழெட்டுப் பேர் வந்தார்கள். நீங்கள் அட்டைகளைப் பையிலிருந்து எடுத்தீர்கள். இது நடவா என்று ஒருவர் கேட்டார். இப்படி நெருக்கி நட்டால் பயிருக்கு மூச்சு எங்கே இருந்து வரும் என்று இன்னொருவர் கேட்டார். "எலிகூட உள்ள நொழையாது" என்றார் மூன்றாமவர். அஞ்சம்மாள், "ஓங்கம்மா மட்டும் இதைப் பாத்துருந்தா ஒன்னைத் தூக்கி வாய்க்கால்ல போட்டுருப்பா" என்று முடித்தார்.

அன்றுதான் எனக்கும் புரிந்தது. நடுகிறவள் நட்டதைப் பார்த்துக் குனிந்தபடி பின்னால் பின்னால் போவாள். நாற்றுப் பறிக்கிறவள் பறிக்க வேண்டியதைப் பார்த்துக் குனிந்தபடி முன்னால் முன்னால் போவாள். இரண்டிலும் முகத்துக்கு முன்னே பச்சை, முதுகுக்குப் பின்னே சேறு, சேற்றில் கட்டுக் கட்டாகக் கிடக்கும் நாற்றுமுடிகள். நிறுத்திவைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே படம். பச்சை கூடிக்கொண்டு போனால் நடவு, குறைந்துகொண்டு போனால் பறி. எது என்று கண்டுபிடிக்க ஒரே அடையாளம்தான் உண்டு. நட்ட வயலில் குத்துக்குக் குத்து இடைவெளி தெரியும். நாற்று வளர்க்கும் நாற்றங்காலில் பச்சைப் பாய் விரித்தாற்போல நெருக்கமாக இருக்கும். நீங்களோ பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று நெருக்கி நெருக்கி வரைந்திருந்தீர்கள். அவர்கள் படத்தில் இருந்ததை அப்படியே படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் நாம்தான்.

நம் இருவருக்குமே அது தெரியவில்லை என்பதை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். சேற்றில் கால் வைத்தால் படிப்பு போய்விடும் என்று உங்கள் அம்மா உங்களை வயலில் இறங்கவிடாமல் வளர்த்தார். எங்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. இறங்க வேண்டிய தேவையே இல்லாமல் என்னை வளர்த்தார்கள். இரண்டு காரணமும் ஒன்றில்லை என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

மன்னார்குடி பஸ் நிலையத்தில் டீ வாங்கிக் கையில் கொடுத்தேன். குடிக்கவில்லை. நான்தான் பேசினேன். ஒரே ஒரு கதைதானே, அதை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுத்துவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்றேன்.

"மத்த ஒம்பதுலயும் ஏன் அப்படி வச்சாங்கன்னு நாம கேக்கவே இல்லையே டீச்சர்" என்றீர்கள். "எங்கம்மாவோட நட்டவங்களுக்கு முட்டை போட்டுத்தான் நான் டாக்டர் ஆவணுமா?" என்று கேட்டுவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தீர்கள்.

பேராசிரியர் போனில் கத்தியது எனக்கே கேட்டது. "உங்க தப்பை நீங்களே டைப் அடிச்சுக் குடுப்பீங்களாம்மா?"

"ஆமா சார்."

"பதினோரு வாரத்துல முதல்லேருந்தா?"

"பத்துதான் சார் இருக்கு. ஒரு வாரம் யோசிச்சுட்டேன்" என்றீர்கள். பொய். ஒரு நாள்கூட யோசிக்கவில்லை; அந்த வாரமே வேலையைத் தொடங்கிவிட்டீர்கள்.

நடவுக் கதையைப் புதிதாக அஞ்சம்மாள் முன்னால் உட்கார்ந்து வரைந்தீர்கள். "தள்ளி வை. இன்னும் தள்ளி. அது சாவுற மாதிரி மஞ்சளா இருக்கணும், நட்ட ஒடனே எது பச்சையா நிக்கும்?" மூன்று தாள் வீணானது. நான்காவதை, "சுமார். சம்பளம் குடுக்கலாம்" என்று ஏற்றுக்கொண்டார்.

இந்த முறை ஒவ்வோர் அட்டைக்கும் காரணம் கேட்டோம். முதலில் நம் பள்ளிப் பெண்கள். மிக நன்றாகப் படிக்கும் ஒருத்தியிடம், "ஏம்மா இதை முதல்ல வச்ச?" என்று கேட்டீர்கள். அவள் கொஞ்சமும் யோசிக்காமல், "பின்னாடி ஒண்ணுன்னு போட்டிருக்கே டீச்சர்" என்றாள்.

அட்டையைத் திருப்பினீர்கள். பென்சிலால், கடுகளவில், ஒன்று. என் கையெழுத்து. கலைத்த அட்டைகளை மறுபடி அடுக்க வசதியாக இருக்குமே என்று நாற்பது அட்டைக்கும் போட்டு வைத்திருந்தேன். உங்கள் ஊரில் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. படத்தைப் பார் என்றால் படத்தைப் பார்த்தார்கள். நம் பெண்கள் எல்லாரும் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள்.

"அதுவும் பரீட்சையில ஒரு பகுதின்னு நினைச்சோம் டீச்சர்" என்றாள் அவள், பவ்யமாக.

நீங்கள் திட்டுவீர்கள் என்று நின்றேன். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்க இருந்தீர்கள். அழுகிறீர்கள் என்று பதறிப் பக்கத்தில் வந்தால் சிரிக்கிறீர்கள். "நடவுக்காரிங்களுக்கு வாசிக்கத் தெரியலன்னு இருநூறு பக்கம் எழுதினேன் டீச்சர். நம்ம புள்ளைங்க நம்பரைப் பாத்து வச்சிருக்குங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். அன்று மாலை நாம் இருவரும் ரப்பரோடு உட்கார்ந்து எண்களை எல்லாம் அழித்தோம்.

ஒன்பது வாரம் எப்படி ஓடியது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பஸ், ஊர், அட்டை, காரணம், திரும்ப பஸ். நம் பெண்களுக்கும் ஊர்ப் பெண்களுக்கும் இருந்த இடைவெளி பாதிக்கு மேல் காணாமல் போயிற்று. குமிழி, முதுகுக் கோடு, ஒரே ஆள் நான்கு கட்டத்தில் நிற்பது ஆகியவற்றில் மட்டும் இடைவெளி நின்றது. அவற்றைப் பழகத்தான் வேண்டியிருக்கிறது என்று உங்களால் தைரியமாகச் சொல்ல முடிந்தது. ஆய்வேடு பழையதைவிட நாற்பது பக்கம் மெலிந்துவிட்டது. "பஸ்ல தூக்கிட்டுப் போக சௌகரியம்" என்றீர்கள். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு கொடுத்தீர்கள். உங்கள் தப்பை ஓர் இயலாகவே எழுதியிருந்தீர்கள். என் பென்சில் எண்ணுக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். "ஆய்வுத் துணைவர்" என்று மட்டும் போட்டு என் பெயரை மறைத்தது உங்கள் பெருந்தன்மை. ஆனால் நன்றியுரையில் ஆய்வுத் துணைவர் யார் என்று முழுப் பெயரோடு இருக்கிறது. அதைக் கவனித்தீர்களா இல்லையா என்று கடைசிவரை நான் கேட்கவில்லை.

வாய்மொழித் தேர்வை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று நீங்கள் வாய்தவறிச் சொல்லியிருந்தீர்கள். அஞ்சம்மாள் ஒரு வேன் நிறைய ஆட்களோடு தஞ்சாவூரில் வந்து இறங்கினார். பட்டுச்சேலைகளில் மூன்று வரிசை. கேசரியும் போண்டாவும் முப்பது பேருக்குத்தான் சொல்லியிருந்தது என்று பேராசிரியர் என் காதில் முணுமுணுத்தார்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மெல்லப் பேசுகிறவர். எல்லாம் பாராட்டிவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "பத்தாவது கதைக்கு உங்க விடை தப்புன்னு அவங்க சிரிச்சதால தெரிஞ்சுது. அவங்க சிரிக்காம விட்ட தப்பு வேற இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நீங்கள் நிமிர்ந்து அவரைப் பார்த்தீர்கள்.

"தெரியாது சார்."

எனக்குப் பின்னால் அஞ்சம்மாள், "என்னடி, பாப்பா பெயிலா?" என்று பக்கத்து ஆளிடம் கேட்டது எல்லாருக்கும் கேட்டது. அடுத்த நொடி எழுந்தே நின்றுவிட்டார்.

"ஐயா, அதுக்குத் தெரியும். கூட்டத்தைப் பாத்து மறந்துருச்சு. சின்னதுலேருந்து அப்படித்தான். கொஞ்சம் தண்ணி குடுத்துட்டுக் கேளுங்க."

தேர்வாளர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நீங்கள் குடித்தீர்கள். குடித்துவிட்டு, "தண்ணி குடிச்சும் தெரியாது சார். காரணம் கேட்ட வரைக்கும் தெரியும். கேக்காத எடத்துல தெரியாதுன்னு கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கேன்" என்றீர்கள். அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். படித்தார். ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டு, "இதுக்கு மேல எனக்குக் கேள்வி இல்லை, டாக்டர்" என்றார். யாரை டாக்டர் என்கிறார் என்று நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள்.

போண்டா பத்தவில்லை. அஞ்சம்மாள் இரண்டு சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு உங்களுக்கு ஒன்றரை வருடம்தான் இருந்தது. அதைப் பற்றி எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தப்பாகப் போட்ட முட்டையை நீங்கள் திரும்பப் போய் அழித்தீர்கள். பத்து வாரத்தில் முடித்தீர்கள். எனக்கு முப்பத்து மூன்று வருடத்து விடைத்தாள் இருக்கிறது. அதில் எத்தனை பேர் நாற்றங்காலைப் பார்த்து நாற்றங்கால் என்று எழுதியிருப்பார்கள், நான் நடவு இல்லை என்று சிவப்புக் கோடு கிழித்திருப்பேன்? தாள்கள் எப்போதோ எடைக்குப் போய்விட்டன. பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். பாங்கில், மருந்துக் கடையில், பஸ்ஸில் என்று எங்கே பார்த்தாலும் பிடித்து வைத்துக் கேட்கிறேன். பாதிப் பேர் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறார்கள்.

நேற்று ரவிக்கை தைக்கக் கொடுக்கலாம் என்று கூத்தாநல்லூர் போனேன். கடைக்காரி நூர்ஜஹான் நம் பழைய மாணவி, உங்களிடமும் படித்தவள். "டீச்சர், நான் கணக்குல பெயிலு, ஞாபகம் இருக்கா?" என்று சிரித்தாள். பத்தாம் வகுப்பு அரையாண்டில் இருபத்தெட்டு. மார்க்கு அவளுக்கு அப்படியே நினைவிருந்தது. அதைப் பார்த்துத்தான் கணக்கு தனக்கு வராது என்று முடிவு செய்தாளாம்.

"எந்தக் கணக்கு தப்பாச்சு?"

"கோணத்தைச் சரிபாதியா பிரிக்கிறது. அஞ்சு மார்க்கு. விடை சரியாத்தான் இருந்துச்சு. வில்லு எங்கேன்னு எழுதி முட்டை போட்டீங்க."

காம்பஸை வைத்து வில் போட்டுத்தான் பாதியாக்க வேண்டும். விடைக்குறிப்பில் அப்படித்தான் இருக்கும். "வில்லு போடாம எப்படிப் பிரிச்ச?" என்று கேட்டேன்.

அவள் மேசையில் கிடந்த துண்டுத் துணியை எடுத்தாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து நகத்தால் கீறிப் பிரித்துக் காட்டினாள். நடுவில் நேராக ஒரு கோடு. "தாளை இப்படி மடிச்சேன் டீச்சர். மடிச்சா பாதி. இதுக்குக் காம்பஸ் எதுக்கு?"

நான் அந்தத் துணியை வாங்கி நானே ஒருமுறை மடித்துப் பார்த்தேன்.

"இப்ப என்ன டீச்சர், மார்க்கு போடப் போறீங்களா?"

"ஆமா. அஞ்சுக்கு அஞ்சு."

அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு விரலை மடக்கினாள். "அப்ப முப்பத்துமூணு. பாஸு எவ்வளவு?"

"முப்பத்தஞ்சு."

"இத்தனை வருஷம் கழிச்சுக் கடையைத் தேடி வந்து பெயிலாக்குறீங்களே டீச்சர்."

வேறு எந்தக் கணக்கில் முட்டை போட்டேன் என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு உள்ளே பார்த்து டீ போடச் சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"ரயில் கணக்கு ஒண்ணு இருந்துச்சு."

"நீ என்ன போட்ட? முதல்லேருந்து சொல்லு."

சொல்லத் தொடங்கினாள். கத்தரிக்கோலை ஒரு ரயிலாகவும் ஊசி டப்பாவை இன்னொரு ரயிலாகவும் மேசையில் வைத்து நகர்த்தி நகர்த்திச் சொன்னாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பாதியில் எழுந்தேன். இரண்டு மார்க்கு அதில் எங்கேயோ இருக்கிறது டீச்சர். நாளைக்கு மறுபடி போகிறேன். ரவிக்கைக்கு இன்னும் அளவு கொடுக்கவில்லை.